தொடக்கத்தில் நிற்கும் நிரல்கள்: கட்டளை வரிப் பிழைகளும் அவற்றைக் களையும் நெறியும்

கணினியில் நிரல் எழுதக் கற்போர் முதலில் சந்திக்கும் இடர் பெரும்பாலும் அவர்தம் நிரலில் இருப்பதில்லை. நிரலின் முதல் வரி இயங்குவதற்கு முன்பே கருந்திரையில் ஆங்கிலச் சொற்கள் சில தோன்றி, யாவும் நின்றுவிடுகின்றன. பாடநூல் இரண்டாம் பக்கத்திலிருந்து நிரலாக்கத்தைக் கற்பிக்கிறது. நின்றுபோன அந்த முதல் கணத்தைப் பற்றி அது பேசுவதில்லை. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர், குறிப்பாகச் சிற்றூர்களிலிருந்து வருவோர், இவ்விடத்தில் மனம் தளர்ந்து, 'இத்துறை நமக்குரியதன்று' என்று ஒதுங்கிவிடுவதுண்டு. அவரை ஒதுக்கியது அறிவுக் குறையன்று. ஒரு கோப்பின் இருப்பிடத்தையோ பதிப்பு எண்ணையோ பற்றிய சிறு செய்தியே ஆகும். அச்செய்தியைப் படிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது கணினி அறிவியல் மாணவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் வாயிலாகப் பழந்தமிழ் நூல்கள் பல மின்வடிவில் கிடைக்கின்றன. ஒரு காப்பியத்தில் ஒரு சொல் எத்தனை முறை பயில்கிறது என்று எண்ணவும், சொல்லடைவு ஆக்கவும் இருபது வரிப் பைதான் நிரல் போதும். எனவே தமிழாய்வு மாணவரும் இவ்வாயிலைக் கடந்தே ஆதல் வேண்டும்.

இயக்கச் சூழல் என்பது யாது?

பைதான், ஜாவா போன்ற மொழிகளில் எழுதப்பெறும் நிரலைக் கணினியின் செயலி நேரடியாக அறியாது. இடையில் நின்று அதனைப் படித்து இயக்கும் மென்பொருள் ஒன்று தேவைப்படுகிறது. அதனையே இயக்கச் சூழல் என்கிறோம். பைதானுக்கு அதன் பொருள்விளக்கியும், ஜாவாவுக்கு ஜாவா மெய்நிகர் பொறியும் இப்பணியைச் செய்கின்றன.

தமிழில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரலாக்க மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே அமைந்துள்ளன. அச்சிட வேண்டுமாயின் 'பதிப்பி' என்று எழுதலாம். இம்மொழியைப் பற்றிய கட்டுரை 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எழில் மொழியின் இயக்கி பைதானில் எழுதப்பெற்றதாகும். ஆதலின் எழில் நிரல் ஒன்று ஓட வேண்டுமாயின் முதலில் பைதான் தொடங்க வேண்டும். அடுத்து அது 'ஓப்பன் தமிழ்' முதலிய துணை நூலகங்களைக் கண்டெடுக்க வேண்டும். பின்னர் எழில் இயக்கி எழ வேண்டும். அதன் பின்னரே தமிழ் நிரல் படிக்கப்பெறும். இந்நான்கு படிகளுள் எது தவறினும் மாணவர் காண்பது 'நிரல் ஓடவில்லை' என்னும் ஒரே விளைவைத்தான். எந்தப் படியில் நின்றது என்று அறிவதே பிழை களைதலின் முதற்பணி.

பிழைச் செய்தியைப் படிக்கும் முறை

செய்யுள் ஒன்றுக்கு உரை காண்போர் எல்லாச் சொற்களையும் ஒரே அழுத்தத்தோடு நோக்குவதில்லை. முடிக்கும் சொல் எதுவென்று முதலில் காண்பர். பிழைச் செய்தியையும் அவ்வாறே அணுகுதல் நலம். பைதான் தரும் செய்தி நீளமாக இருப்பினும் அதன் உயிர் இறுதி வரியில் உள்ளது. பிழையின் வகை முதலிலும் அதன் காரணம் அடுத்தும் அவ்வரியில் நிற்கும். மேலுள்ள வரிகள் அவ்விடத்திற்கு வந்த வழியைக் காட்டுவன. ஜாவாவில் இம்முறை மாறுகிறது. அங்குப் பிழையின் பெயர் முதல் வரியில் வரும். கீழே 'இதனால் விளைந்தது' என்னும் பொருளுடைய தொடர் வருமாயின், அவற்றுள் கடைசியாக வருவதே பெரும்பாலும் மூலகாரணமாக இருக்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. செய்தியைப் பேசுவது யார் என்று காண வேண்டும். 'கட்டளை காணப்படவில்லை' என்று லினக்ஸிலும், 'உள்கட்டளையாகவோ வெளிக்கட்டளையாகவோ அறியப்படவில்லை' என்று விண்டோஸிலும் ஆங்கிலத்தில் வருமாயின், பேசுவது பைதானோ ஜாவாவோ அன்று; நாம் தட்டச்சிட்டதை வாங்கிக்கொள்ளும் ஷெல்தான். இயக்கச் சூழல் இன்னும் எழவேயில்லை என்பது அதன் பொருள். அந்நிலையில் நிரலைத் திருத்திப் பயனில்லை.

பெயரைத் தேடும் வழி

கட்டளை வரியில் 'பைதான்' என்று இட்டவுடன் ஷெல் கணினி முழுவதையும் தேடுவதில்லை. 'பாத்' என்னும் சூழல் மாறியில் வரிசையாகக் குறிக்கப்பெற்ற கோப்புறைகளில் அப்பெயரைத் தேடும். முதலில் கண்டதை இயக்கும். இவ்வொரு விதியை அறிந்தால் மூவகை இடர்கள் விளங்கிவிடும்.

முதலாவது, மென்பொருள் நிறுவப்பட்டிருந்தும் அதன் கோப்புறை அவ்வரிசையில் இல்லாமை. விண்டோஸில் பைதானை நிறுவும்போது அதன் இருப்பிடத்தைப் 'பாத்' வரிசையில் சேர்க்கும் கட்டத்தைக் குறியிடாது விடுவதால் இது நேர்கிறது. வரிசையைத் திருத்திய பின்னரும் முன்னரே திறந்திருந்த சாளரம் பழைய வரிசையையே வைத்திருக்கும். புதிய சாளரம் ஒன்றைத் திறந்தால்தான் மாற்றம் தெரியும். திருத்தியும் பயனில்லை என்று கருதி மீண்டும் மீண்டும் நிறுவுவோர் இதனை மறந்தவரே.

இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு மென்பொருள்கள் இருத்தல். பழைய பதிப்பின் கோப்புறை வரிசையில் முன்னே நிற்குமாயின், புதிதாக நிறுவியது ஒருநாளும் இயங்காது. விண்டோஸில் 'வேர்' என்னும் கட்டளையும் லினக்ஸில் 'விச்' என்னும் கட்டளையும் எந்தக் கோப்பு இயங்குகிறது என்று காட்டும். பவர்ஷெல் சாளரத்தில் 'வேர்' என்பதனோடு 'டாட் இ.எக்ஸ்.இ.' என்னும் ஈற்றையும் சேர்த்து இட வேண்டும். விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பைதான் நிறுவப்படாத கணினியில் அப்பெயரை இட்டால் மைக்ரோசாப்ட் அங்காடி திறக்கிறது. அது பழுதன்று, நிறுவுமாறு அழைக்கும் மாற்றுப்பெயரே ஆகும்.

மூன்றாவது, பெயரே வேறாதல். பைதான் 2இன் ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுடன் முடிவுற்றது. அதன்பின் வந்த லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் 'பைதான்' என்னும் பெயர் இயல்பாக இராது. 'பைதான்3' என்று எண்ணையும் சேர்த்தே இட வேண்டும்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளின் தொடக்கத் தொகுதிகளில், விண்டோஸும் இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ஒரே கணினி இருவேறு இயங்குதளங்களில் இருவேறு செய்திகளைத் தரும். நண்பர் சொன்ன தீர்வு தமக்குப் பொருந்தாமைக்கு இது ஒரு காரணம் என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பதிப்பு மாறுபாடு

மேற்கண்ட மடிக்கணினிகளைப் பற்றி மேலும் ஒன்று கூற வேண்டும். அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய பழைய கணினியே இன்றும் பல வீடுகளில் தம்பி தங்கையர் கைக்கு வருகிறது. அதில் விண்டோஸ் 7 இருக்குமாயின் பைதான் 3.9 முதலான பதிப்புகள் அதில் இயங்கா, 3.8 பதிப்பே விண்டோஸ் 7ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பாகும். இதனை அறியாது வேறொரு கணினியிலிருந்து புதிய பைதானைப் படியெடுத்து வந்து இயக்கினால், 'இன்ன பெயருடைய டி.எல்.எல். கோப்பு கணினியில் இல்லை' என்னும் செய்தி தோன்றும். உடனே அக்கோப்பை இணையத்தில் தேடி, அறியாத தளத்திலிருந்து இறக்கிச் சேர்க்க முற்படுவது இயல்பு. அது இருவகையில் தீது. குறை தீராது, நச்சுநிரல் புகவும் வாயில் திறந்துவிடும். அச்செய்தியின் உண்மைப் பொருள் 'ஒரு கோப்பு தொலைந்தது' என்பதன்று. 'இவ்வியங்குதளம் எனக்குப் பழையது' என்பதே. 3.8 பதிப்பை நிறுவிக் கற்கலாம். ஆயின் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024ஆம் ஆண்டில் நின்றுவிட்டன. எனவே குறைந்த நினைவகத்திலும் ஓடக்கூடிய லினக்ஸ் வகையொன்றை அக்கணினியில் நிறுவிக்கொள்வது நெடுநாள் பயன் தரும்.

ஜாவாவில் பதிப்பு மாறுபாடு எண்ணாகவே வெளிப்படுகிறது. மொழிமாற்றப்பெற்ற ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் ஒரு பதிப்பெண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா 8க்கு 52, ஜாவா 11க்கு 55, ஜாவா 17க்கு 61, ஜாவா 21க்கு 65 என்பன அவ்வெண்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஜாவா 17 கொண்டு உருவாக்கிய கோப்பை வீட்டில் ஜாவா 8 கொண்டு இயக்கினால், '61 என்னும் எண்ணுடைய கோப்பு. நான் அறிவது 52 வரையே' என்னும் கருத்தில் செய்தி வரும். பெரிய எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் தேவைப்படும் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும். தீர்வு இரண்டே: வீட்டில் உள்ளதைப் புதுப்பித்தல், அல்லது ஆய்வகத்தில் பழைய பதிப்பிற்கேற்ப மொழிமாற்றுதல்.

புதிய பைதானில் பழைய நூலகங்கள் நின்றுவிடுவதும் உண்டு. 2023ஆம் ஆண்டு வெளியான 3.12 பதிப்பில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்', 'இம்ப்' என்னும் பழைய கூறுகள் நீக்கப்பட்டன. அவற்றை நம்பி எழுதப்பெற்ற தொகுப்புகள் தொடக்கத்திலேயே 'அக்கூறு இல்லை' என்று முறையிடும். தமிழுக்கென ஆர்வலர் சிலர் தம் ஓய்வுநேரத்தில் எழுதிய நூலகங்களுக்கு இந்நிலை எளிதில் நேரும். புதுப்பிக்கக் கைகள் குறைவு என்பதே காரணம். பிழை கண்ட மாணவரே அதனைத் திருத்தி அனுப்பலாம் என்பது கட்டற்ற மென்பொருளின் சிறப்பு.

தன் நூலகத்தைத் தானே காணாமை

சில வேளைகளில் பைதான் எழுந்தவுடன் வீழும். 'என்கோடிங்ஸ் என்னும் கூறு இல்லை' என்பதே அப்போது தோன்றும் செய்தி. பிற பிழைகளைப் போலன்றி இது பைதானின் உயிர்நிலையைத் தாக்குவது. பைதான் எழும்போது கோப்புகளின் பெயர்களைப் படித்தறிய எழுத்துக் குறியாக்கம் வேண்டும். ஆதலின் தன் நூலகத்திலிருந்து முதன்முதலாக எழுத்துக் குறியாக்கக் கூறினையே அது தேடுகிறது. எழுத்தை முதலதிகாரமாக வைத்துச் சொல்லையும் பொருளையும் பின்வைத்த தொல்காப்பிய நெறியை அறிந்த நமக்கு இவ்வரிசை வியப்பளிக்காது. எழுத்து இல்லையேல் மேற்கொண்டு எதுவும் இல்லை.

இப்பிழைக்குப் பெரும்பாலும் காரணம் 'பைதான்ஹோம்' என்னும் சூழல் மாறியாகும். வேறொரு மென்பொருளோ பழைய கையேடோ அதனைத் தவறான கோப்புறைக்கு அமைத்திருக்கும். நூலகம் உரிய இடத்தில் இருந்தும் பைதான் வேறிடத்தில் தேடி ஏமாறும். அம்மாறியை நீக்கிவிடுதலே மருந்து. ஐயமாயின், பைதான் கட்டளையின் பின் சிறுகோடும் 'ஈ' என்னும் ஆங்கிலப் பேரெழுத்தும் இட்டு இயக்கிப் பார்க்கலாம். அது பைதான் தொடர்பான சூழல் மாறிகளைப் புறக்கணிக்கும். அவ்வாறு இயங்குமாயின் குற்றம் மாறியில் உள்ளது என்பது உறுதி.

ஜாவாவில் இதற்கு இணையானது 'முதன்மைக் கிளாஸைக் காணவோ ஏற்றவோ இயலவில்லை' என்னும் செய்தி. கோப்பின் பெயரோடு 'கிளாஸ்' என்னும் பின்னொட்டையும் சேர்த்து இடுதல், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறுதல், தொகுதிப் பெயரை விடுதல் ஆகியன காரணங்கள். 'கிளாஸ்பாத்' என்னும் மாறியை யாரேனும் அமைத்திருந்தால், நாம் நிற்கும் கோப்புறையை ஜாவா தானாகத் தேடாது. அதனைக் குறிக்கும் புள்ளியையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டும். அம்மாறியை அறவே நீக்கிவிடுதல் அதனினும் எளிது.

கண்ணுக்குப் புலப்படா எழுத்துகள்

நம் மாவட்டத்துக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் எழுத்துகள் இன்றும் தெளிவாக உள்ளன. ஆயினும் ஒரே சுரம் பல உயிர்களை ஏற்று வருவதும், எழுத்துகளின்மேல் புள்ளிகள் இடப்பெற்றிருப்பதும் எவ்விசை நுட்பத்தைக் குறிக்கும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொறித்தவரும் படிப்பவரும் ஒரே மரபை அறிந்திருந்தால் மட்டுமே எழுத்து பொருள் தரும். கணினியின் குறியாக்கமும் அத்தகைய மரபே.

'தமிழ்' என்னும் சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகிறது. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் பதினைந்து பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அப்பதினைந்தையும் மேலை ஐரோப்பிய எழுத்துக்குரிய பழைய அட்டவணை கொண்டு படித்தால் புரியாத குறிகள் வரும். அவ்வட்டவணையில் தமிழை எழுத முற்பட்டால் நிரலே நின்றுவிடும். 2016ஆம் ஆண்டு வெளியான 3.6 பதிப்பு முதல் விண்டோஸ் திரையில் தமிழை அச்சிடுவதில் பைதானுக்குத் தடையில்லை. எழுத்துரு மட்டும் பொருந்த வேண்டும். ஆயின் அதே வெளியீட்டைக் கோப்பொன்றுக்குத் திருப்பிவிட்டால் பழைய அட்டவணை குறுக்கே வருவதுண்டு. 'பைதான்யூ.டி.எஃப்.8' என்னும் சூழல் மாறிக்கு 1 என்னும் மதிப்பைத் தருவது இதற்குத் தீர்வு. இவ்வசதி 2018ஆம் ஆண்டின் 3.7 பதிப்பில் வந்தது. ஜாவாவில் 2022ஆம் ஆண்டு வெளியான பதினெட்டாம் பதிப்பு முதல் யூ.டி.எஃப்.-8 இயல்புநிலையாயிற்று.

புலப்படா எழுத்துகள் வேறும் உள. விண்டோஸில் எழுதிய கோப்பின் வரியிறுதியில் இரு குறிகள் இருக்கும், லினக்ஸில் ஒன்றே. விண்டோஸில் எழுதிய பைதான் கோப்பை லினக்ஸில் நேரடியாக இயக்கினால், முதல் வரியிற் குறித்த பைதானின் பெயரோடு அம்மிகைக்குறி ஒட்டிக்கொள்ளும். 'அப்பெயருடைய கோப்பு இல்லை' என்று லினக்ஸ் கூறும். பைதான் கண்முன்னே இருக்க, இல்லை என்பதேன் என்று மாணவர் திகைப்பர். 'டாஸ்2யூனிக்ஸ்' என்னும் கருவி இதனை நொடியில் தீர்க்கும். பழைய நோட்பேடு யூ.டி.எஃப்.-8 கோப்பின் தலையில் இடும் அடையாளக் குறியும் இத்தகையதே. பைதான் அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஜாவாவின் மொழிமாற்றியோ 'முறையற்ற எழுத்து' என்று மறுத்துவிடும். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால், பைதான் நிரல் ஒன்று உண்மையில் 'டி.எக்ஸ்.டி.' என்னும் கூடுதல் ஈற்றோடு சேமிக்கப்பட்டிருப்பதும் பெருவழக்கு. அப்போதும் 'கோப்பு இல்லை' என்பதே விடை.

பெயர் மயக்கம்

பைதான் ஒரு நூலகத்தைத் தேடும்போது நிரல் இருக்கும் கோப்புறையையே முதலில் நோக்கும். ஓப்பன் தமிழ் நூலகத்தை நிரலுக்குள் 'தமிழ்' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துப் பெயரால் அழைப்பர். ஆர்வமிக்க மாணவர் தம் முதல் நிரலுக்கும் அதே பெயரைச் சூட்டுவது இயல்பன்றோ! பைதான் நூலகத்தை விடுத்து மாணவரின் கோப்பையே எடுத்துக்கொண்டு, தேடும் கூறு அதில் இல்லை என்று முறையிடும். கோப்பின் பெயரை மாற்றினால் குறை தீரும். 'ரேண்டம்' முதலிய பெயர்களுக்கும் இது பொருந்தும்.

நூலகத்தை நிறுவும் 'பிப்' கருவி ஒரு பைதானுக்கும், நாம் இயக்குவது வேறொரு பைதானுக்கும் உரியதாதல் மற்றொரு மயக்கம். நிறுவியது ஓரிடம், தேடுவது வேறிடம். 'பிப்' என்று தனியே இடாது, பைதான் கட்டளையின் பின் சிறுகோடும் 'எம்' என்னும் சிற்றெழுத்தும் இட்டு, அதன்பின் 'பிப்' என்று அழைத்தால் இம்மயக்கம் எழாது.

ஆய்வு வரிசை

இதுகாறும் கண்டவற்றை ஒரு வரிசையாகத் தொகுத்துக்கொள்வது நலம். முதற்கண் பதிப்பெண்ணைக் கேட்கும் கட்டளையை மட்டும் இட்டுப் பார்க்க வேண்டும். விடை வருமாயின் இயக்கச் சூழல் உயிருடன் உள்ளது. வாராவிடின் 'பாத்' வரிசையையும் நிறுவுதலையும் நோக்க வேண்டும். இரண்டாவதாக, எந்தக் கோப்பு இயங்குகிறது என்று 'வேர்' அல்லது 'விச்' கொண்டு காண வேண்டும். மூன்றாவதாக, ஒரே வரியில் ஓர் எண்ணை அச்சிடும் நிரலை இயக்க வேண்டும். அது நின்றால் குறை சூழலில், ஓடினால் நம் நிரலில் அல்லது நூலகத்தில். நான்காவதாக, எண்ணுக்கு மாற்றாகத் தமிழ்ச்சொல் ஒன்றை அச்சிட்டுக் குறியாக்கத்தைச் சோதிக்க வேண்டும். ஐந்தாவதாக, நூலகங்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்தல் இவ்வாய்வின் உயிர்விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது மருந்தாயிற்று என்பது தெரியாமற் போகும்.

பிறரிடம் உதவி நாடுவோர் திரையின் பாதியைப் படமெடுத்து அனுப்புவதினும், இட்ட கட்டளை, முழுச் செய்தி, இயங்குதளம், பதிப்பெண் ஆகிய நான்கையும் எழுத்தாகவே அனுப்புவது சிறந்தது. பெயரும் கடவுச்சொல்லும் அதில் இருப்பின் நீக்கிவிட வேண்டும்.

முடிவுரை

புதுக்கோட்டை மாவட்டம் எழுத்தறிவை ஓர் இயக்கமாக்கிக் காட்டிய மண். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே இங்குள்ள பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். மிதிவண்டி அவர்களைத் தம் வேலைக்குப் பிறரை எதிர்பாராதவர் ஆக்கியது. அங்குக் கற்பிக்கப்பெற்றது ஓட்டுதல் மட்டுமன்று. விழுந்தால் எழுந்து மீண்டும் ஏறுதலும் ஆகும். இன்றைய மாணவர்க்குப் பிழைச் செய்தியைப் படிப்பதும் ஓர் எழுத்தறிவே. கருந்திரையில் நின்ற நிரல் 'உனக்கு இது வாராது' என்று ஒருபோதும் சொல்வதில்லை. தான் எதைத் தேடி, எங்கே காணாது நின்றது என்பதையே சொல்கிறது. அதனைப் பொறுமையோடு கேட்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஆசிரியர் ஊட்டுவாராயின், நிரலைத் தொடங்க முடியாமையால் துறையை விட்டு நீங்கும் மாணவர் எண்ணிக்கை குறையும். தமிழை அறிந்தவரே தமிழுக்கு நிரல் எழுதும் நிலையும் கைகூடும்.